இடுக்குப் பக்கத்து சன்னல்

16 அக்டோபர் 2024, புதன்

மூன்று நாளாக மழை. துணி எதுவும் காயவில்லை. இன்று விடியற்காலை படுக்கையறை சன்னலைத் திறந்தபோது அது போட்ட சத்தத்தில் என் பெண்சாதி லீலாபாய் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பழகிவிட்டது. முதலில் ஒரு முனகல், பாதி திறந்ததும் ஒரு கீச்சு, கடைசியில் தேங்காய் துருவுவது போல ஒரு நீண்ட இழுப்பு.

எட்டு மணிக்கு மீன்காரி சகாயசெல்வி வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு காரியம் சொல்லச் சொன்னார்கள் என்றாள். இனயத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவளுக்கு, என் வீட்டுக்கும் என் அண்ணன் வீட்டுக்கும் நடுவே தூது போகிற வேலையும் மூன்று வருடமாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. அண்ணன் பெண்சாதி முத்துக்கனி சொன்னாளாம். விடியக்காலம் அந்த சன்னலைத் திறக்கிற சத்தம் சகிக்கவில்லை, கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்லு என்று.

கூடையிலிருந்த சாளையைப் பார்த்துக்கொண்டே, கேட்டேன் என்று சொல்லு என்றேன்.

மனதறிந்து எழுதுகிறேன், சந்தோஷமாக இருந்தது. மூன்று வருடத்தில் அந்த வீட்டுக்கு என்னால் ஒரு சின்னத் தொந்தரவுகூடக் கொடுக்க முடிந்ததில்லை. இப்போது ஒன்று தானாகக் கையில் வந்து விழுந்திருக்கிறது.

17 அக்டோபர்

ஐந்து மணிக்குத் திறந்தேன். மூடினேன். இன்னொரு தடவை திறந்தேன்.

20 அக்டோபர், ஞாயிறு

அய்யாவைக் கும்பிடுகிற எங்கள் நிழல்தாங்கலுக்குப் போய் நாமம் இட்டுக்கொண்டு வந்தேன். அங்கே போகும்போதெல்லாம் அந்த நாள் நினைவுக்கு வந்துவிடுகிறது. மூன்று வருடமும் சில நாட்களும் ஆகிறது.

அம்மை செத்தபோது நான் மஸ்கட்டில் இருந்தேன். கொரோனா காலம், உடனே விமானம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். முத்துநாயகம் அண்ணன் பொறுக்கவில்லை, அன்று சாயங்காலமே அடக்கம் செய்துவிட்டான். நான் வந்து சேர்ந்ததும் அதைக் கேட்டேன். இருபத்துநாலு வருடம் அம்மையைப் பார்த்தது நான், உன்னைக் கேட்டு அடக்க வேண்டுமோ என்றான். பேச்சு முற்றி வீட்டைப் பாகம் வைப்பதில் போய் நின்றது. முன்பாதி எனக்கு, பின்பாதி அவனுக்கு. நடுவில் சுவர் எழுந்தது. பின்பாதியிலிருந்து ரோட்டுக்குப் போக என் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்தில் ஓர் இடுக்கு விட்டார்கள். அதுவும், அதற்கு மறுபக்கம் என் சுவருக்கு எதிரே நீண்டு நிற்கிற ஓர் அறையும் அவனுக்குச் சொந்தம்.

டேப் வைத்து அளந்து முடித்ததும் அவன் நாலு பேர் முன்னால் சொன்னான், "இந்த இடுக்குல அவனுக்க காலு படப்பிடாது." நான் விடுவேனா? நேரே தாங்கலுக்குப் போய், செத்தாலும் அந்த மண்ணில் கால் வைக்கமாட்டேன் என்று அய்யாவின் முன்னால் சத்தியம் செய்தேன். வீட்டுக்கு வந்து லீலாபாயிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். அந்த வீட்டுப் பேச்சு இங்கே எடுத்தால் அன்றைக்கு நான் சோறு தின்னமாட்டேன்.

இரண்டையும் இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். அண்ணன் வீட்டுக்கு வேறு வழி கிடையாது. ஆகையால் நான் அந்த வீட்டுக்குள் போனதும் இல்லை.

28 அக்டோபர்

மழை விடவில்லை. சத்தம் கூடியிருக்கிறது.

சன்னல் ஏன் சத்தம் போடுகிறது என்று எனக்கா தெரியாது? மஸ்கட் ஆஸ்பத்திரியில் நானூறு கதவுகளைப் பராமரித்தவன். நம்மூரில் விஜாகிரி என்கிறோமே, கதவையும் நிலையையும் பிடித்திருக்கிற அந்த இரும்புக் கீல், அதன் நடுவில் ஒரு கம்பி ஊசி ஓடும். ஊசி உலர்ந்து துரு பிடித்தால் கீச்சென்று கத்தும். மேலே பெயின்ட் அடிக்கும்போது கீலையும் சேர்த்து அடித்திருந்தால், காய்ந்த பெயின்ட் உள்ளே அரைபட்டு முனகும். மேல் விஜாகிரியின் திருகாணி தளர்ந்தால் கதவு தொங்கி, கீழ்ச்சட்டத்தில் உரசும். மழைக்கு மரம் உப்பினால் அந்த உரசல் இரட்டிக்கும். என் சன்னலில் இந்த நாலும் உண்டு. முனகல், கீச்சு, இழுப்பு என்று ஒவ்வொன்றும் தன் முறைக்குக் குரல் கொடுக்கிறது.

அரை நாள் வேலை. ஊசியைத் தட்டி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெயில் துடைத்து, கிரீஸ் பூசித் திரும்பப் போட வேண்டும். ஆணித் துளையில் பசை தடவிய தீக்குச்சிகளை அடைத்து நீளமான திருகாணி போட வேண்டும். கதவின் அடிவிளிம்பை இழைப்புளியால் இரண்டு சீவு சீவ வேண்டும்.

ஆனால் சன்னல் வெளிப்பக்கம் திறக்கிறது. விஜாகிரி வெளியே இருக்கிறது. உள்ளே கம்பி போட்டிருக்கிறது. வேலை செய்கிறவன் இடுக்கில் நின்றால்தான் முடியும்.

அதனால் கத்தட்டும்.

2 நவம்பர்

சத்தம் குறைந்துவிட்டது. போர்வைக்குள்ளிருந்து இருமுவது போலக் கேட்கிறது. மழை விட்டதனால் மரம் சுருங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் ஏமாற்றம்தான்.

6 நவம்பர்

மரம் சுருங்கவில்லை. லீலாபாய் செய்த வேலை.

இன்று சன்னல் பழையபடி கத்தியது. கீழ் விஜாகிரியை உற்றுப் பார்த்தால் வரிசையாக எறும்பு. கம்பிக்கு நடுவே கையை விட்டு, கரண்டியால் தேங்காய் எண்ணெய் ஊற்றியிருக்கிறாள். விடியற்காலக் குளிரில் எண்ணெய் உறைந்து வெள்ளையாக நிற்கிறது, அதில் தூசியும் துருவும் சேர்ந்து களிம்பாகிக் கிடக்கிறது. சமையல் எண்ணெயை விஜாகிரியில் விடுகிற தப்பை மட்டும் யாரும் செய்யக்கூடாது. முதல் நாள் சரியாகிவிட்டது போலத் தோன்றும், பிறகு பழையதைவிட மோசமாகும். கத்துகிறதை எல்லாம் எண்ணெய் விட்டு அடக்கலாம் என்று நம்மூரில் எல்லோருக்கும் ஒரு எண்ணம்.

அரைமணி நேரம் ஏசினேன். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டு திருப்பிக் கொடுப்பவள் வாயைத் திறக்கவில்லை. எதற்கு விட்டாய் என்று கேட்டதற்கு, சத்தம் என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானம் சோறு போடும்போது, "அங்க பெரியவருக்கு..." என்று தொடங்கினாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். சொன்ன சொல் சொன்ன சொல்தான்.

13 நவம்பர்

அந்தக் களிம்பைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அண்ணனுக்காக இல்லை. என் வீட்டில், நான் இருக்கும்போது, ஒரு விஜாகிரி அந்தக் கோலத்தில் நிற்பது எனக்கு அவமானம். நாளை உள்ளிருந்தே என்ன செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும். கீழே உள்ளதைக் கையால் தொடலாம். மேலே உள்ளது கண்ணுக்குத் தெரியாது. முகம் மழிக்கிற கண்ணாடியை வெளியே நீட்டிப் பிடித்தால் தெரியும்.

14 நவம்பர், வியாழன்

எப்படி எழுதுவது.

பத்து மணிக்கு சன்னலைத் திறந்து, கம்பிக்கு நடுவே இடது கையால் கண்ணாடியை நீட்டினேன். மேல் விஜாகிரி தெரிந்தது. ஓர் ஆணி இல்லவே இல்லை, ஒன்று பாதி வெளியே வந்து நிற்கிறது. இன்னும் நன்றாகப் பார்க்கக் கண்ணாடியைத் திருப்பினேன். திறந்து நிற்கிற என் சன்னல் கதவு எப்போதும் மறைக்கிற பக்கம் கண்ணாடியில் வந்தது. எதிர்ச்சுவரில் அண்ணன் வீட்டு சன்னல். அதை ஒட்டி ஒரு கட்டில். கட்டிலில் யாரோ கிழவன்.

கிழவன் என்றுதான் நினைத்தேன். யாரையோ கொண்டுவந்து வைத்துப் பார்க்கிறார்கள் என்று. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு, தலையில் முடி இல்லாமல், வாய் கோணி. பிறகு அந்தக் கிழவன் கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"என்னலே, முகம் பாக்கியா?"

குரல் இல்லை, காற்றுதான். ஆனாலும் அந்த 'லே' அவனுடையது. மூன்று வருடத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

நான் என்ன செய்தேன்? கண்ணாடியை இழுத்துக்கொண்டேன். கையை இழுத்த வேகத்தில் கம்பியில் பட்டுத் தோல் உரிந்தது. சன்னலைச் சாத்தினேன். அது முழு நீளத்துக்குக் கத்திக்கொண்டு மூடியது.

சமையலறைக்குப் போய் லீலாபாயைப் பார்த்தேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

"நீங்கதான சொன்னிய, அந்த வீட்டுப் பேச்சு எடுத்தா சோறு திங்கமாட்டேன்னு. ரெண்டு வாட்டி நான் வாயெடுத்தேன். ரெண்டு வாட்டியும் தட்டத் தள்ளி வச்சிட்டு எழும்பினிய."

ஜூன் மாதம் கண்டுபிடித்தார்களாம். உணவுக்குழாயில் புற்று. திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து, கரண்ட் வைத்து, ஊசி போட்டு, செப்டம்பர் கடைசியில் வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நான்தான் யாரிடமும் அந்தப் பேச்சை வைத்துக்கொள்வதில்லையே. டீக்கடையில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி முழுக்க வலியாம். மருந்து பிடித்து, நாலு மணிக்கு மேல்தான் கண் அயர்வானாம்.

நாலு மணிக்கு மேல். நான் ஐந்து மணிக்குத் திறப்பேன். மூடுவேன். இன்னொரு தடவை திறப்பேன். இருபத்தொன்பது நாள். எண்ணிப் பார்த்தேன். எழவெடுத்த பய நானு, எண்ணி வேற பாக்கேன்.

15 நவம்பர்

சன்னலைத் திறக்கவில்லை.

16 நவம்பர்

திறக்கவில்லை. அறை புழுக்கமாக, ஈரத்துணி வாடை. படுக்க முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

மஸ்கட்டில் எங்கள் மேற்பார்வையாளர் ஒரு கோட்டயத்துக்காரர். நோயாளி படுத்திருக்கிற அறையில் கதவு சத்தம் போட்டால் அது கதவு போடுகிற சத்தம் இல்லை, நீ போடுகிற சத்தம் என்பார். பெயர் தெரியாத, பாஷை தெரியாத நோயாளிகளுக்காக ஒரு ஸ்ட்ரெச்சர் கதவுக்கு இரண்டு மணி நேரம் முழங்காலில் நின்றிருக்கிறேன். கூடப்பிறந்தவனை எழுப்ப மட்டும் தினமும் அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன்.

லீலாபாய் சாயங்காலம் அங்கே போய் வந்தாள். நான் போகச் சொன்னதனால் இல்லை, அவனைக் கொண்டுவந்த நாள் முதலே நான் வெளியே போகும்போதெல்லாம் போய் வருகிறாளாம். கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்குகிறதாம். அவர்கள் மகன் லிபின் துபாயில் லீவுக்குச் சொல்லியிருக்கிறானாம். அவன் என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா என்றேன். யார், லிபினா என்றாள். அண்ணன் என்றேன். அந்த வார்த்தை வாயில் வர நேரமாயிற்று.

கேட்டானாம். கண்ணாடியில் பார்த்து முடித்தானா என்று கேட்டானாம்.

18 நவம்பர்

போய்ப் பார்க்க வேண்டும். எழுதுவது எளிது.

இடுக்கில் இருபத்தைந்து காலடி வைத்தால் அவன் வாசல். அந்த இருபத்தைந்தில் ஒன்றைக்கூட வைக்கமாட்டேன் என்று அய்யாவின் முன்னால் சொல்லியிருக்கிறேன். மனிதனிடம் சொன்ன சொல்லாக இருந்தால் நேற்றே முறித்திருப்பேன். இல்லை, அதுவும் பொய். நான் முறித்திருக்கமாட்டேன். எனக்கே என்னைத் தெரியாதா?

லீலாபாய் சொல்கிறாள், அய்யா ஒன்றும் சொல்லமாட்டார், போங்கள் என்று. அவளுக்கு எல்லாம் சுலபம். முறைப்படி தாங்கலில் போய், அங்கே வழிபாடு நடத்துகிற பணிவிடைக்காரரிடம் சொல்லி, தப்புக்கு மன்னிப்புக் கேட்டுத்தான் சத்தியத்தை இறக்க வேண்டும். அதற்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஆகும். நேற்றைய ஞாயிற்றுக்கிழமை தாங்கல் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

சன்னலையாவது சரி செய்ய வேண்டும். என்னால் ஆவது அது ஒன்றுதான்.

19 நவம்பர்

பெயின்டர் பொன்னுலிங்கம் மாடி வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து கயிறு கட்டி, பலகையில் உட்கார்ந்து, சுவரோடு தொங்கிக்கொண்டு. அரை மணி நேரம் ரோட்டில் நின்று பார்த்தேன். தொங்குகிறவனின் கால் எந்த மண்ணிலும் படுவதில்லை.

பலகையைக் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். வியாழக்கிழமை நானே வந்து கயிறு பிடிக்கிறேன் என்றார். ஐம்பத்தொன்பது வயதில் மொட்டைமாடியிலிருந்து தொங்கப் போகிறேன், அவர் சிரிக்கவில்லை.

21 நவம்பர், வியாழன்

முழுதாக எழுதி வைக்க வேண்டும். ஒன்றும் விடக்கூடாது.

காலை ஒன்பது மணி. பொன்னுலிங்கம் தண்ணீர்த் தொட்டித் தூணில் கயிற்றைக் கட்டி இறக்கினார். இடுப்பில் ஒரு கயிறு. மடியில் பை, அதில் சுத்தியல், உளி, உப்புத்தாள், மண்ணெண்ணெய் நனைத்த துணி, கிரீஸ் டப்பா. இடுக்கின் நடுவில், தரைக்கு ஒரு சாண் மேலே, கால்களை மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் தொங்கினேன். முதுகுக்குப் பின்னால் அவன் சன்னல்.

முதலில் கீழ் விஜாகிரி. ஊசி வரவில்லை, துருவும் தேங்காய் எண்ணெயும் கட்டிப்பிடித்திருந்தன. உளியை அடியில் கொடுத்துப் பையப் பையத் தட்டினேன். சத்தம் கேட்காதபடி உளித் தலையில் துணி சுற்றியிருந்தேன்.

"லீலாபாய்க்க தொல்லை தாங்காம தொங்கிட்டியாக்கும்னு நெனச்சேன்."

தூங்கவில்லை அவன். எப்போதிருந்து பார்த்துக்கொண்டிருந்தானோ. பலகை சுழன்று என்னை அவன் பக்கம் திருப்பியது. கயிற்றில் தொங்குகிறவனால் முகத்தை நினைத்தபடி வைத்துக்கொள்ள முடியாது. மூன்றடிக்குள் அவன் முகம். நடுவில் அவன் வீட்டுக் கம்பி.

அண்ணா என்றேன். வேலையைப் பார் என்று கையைக் காட்டினான். நான் திரும்பி, ஊசியை எடுத்துத் தேய்த்தேன்.

அவன் குழித்துறைச் சந்தையில் முப்பது வருடம் இரும்புக் கடை வைத்திருந்தவன். இந்த விஜாகிரிகளே அவன் கடையில் எடுத்தவை. சும்மா இருப்பானா? மூச்சு வாங்கி வாங்கி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஊசியை முழுக்க வெள்ளையாகத் தேய்க்காதே, மெலிந்து ஆடும். கிரீஸ் அதிகம் வைக்காதே, தூசி பிடிக்கும். மேல் விஜாகிரிக்கு நான் ஆணியை எடுத்ததும், கூடாது என்று தலையாட்டினான். அது சிறியது, ஒன்றேகால் இஞ்சு போட வேண்டும் என்றான். கடையை மூடியபோது கொண்டுவந்த பித்தளைத் திருகாணி ஒரு டப்பா கட்டிலுக்கு அடியில் இருந்தது. முத்துக்கனி மைனி அதை எடுத்துக்கொண்டு இடுக்குக்கு வந்து, என் கைக்கு எட்டும்படி தூக்கிப் பிடித்தாள். மைனியின் தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை.

தீக்குச்சி அடைத்து, ஆணி முறுக்கி, விளிம்பைச் சீவி முடிக்கப் பதினொன்றரை ஆனது. கதவை ஒரு விரலால் தள்ளினேன். போயிற்று. இழுத்தேன். வந்தது.

"காலத்த அஞ்சு மணிக்கு ரெண்டு வாட்டி தொறந்தியே, வேணும்னுதான?"

"ஆமா."

"தெரியும். நானா இருந்தாலும் அதத்தான் செய்திருப்பேன்."

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, மைனி ஓடிவந்து நெஞ்சைத் தடவினாள். இருமல் அடங்கியதும் அவன் சொன்னான்.

"செரி, எறங்கு. உள்ள வந்து ஒரு காப்பி குடிச்சிட்டு போ."

என் காலுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண். கயிற்றை விட்டால் போதும். மாடியில் பொன்னுலிங்கம் இருமினார்.

"தாங்கல்ல சத்தியம் பண்ணியிருக்கேன் அண்ணா. ஞாயித்துக்கெழம அங்க சொல்லிட்டு, நேரா இங்க வாறேன்."

"ஞாயித்துக்கெழமையா?"

"மூணு நாளுதான."

அவன் என் காலைப் பார்த்தான். பிறகு சரி என்று கண்ணை மூடிக்கொண்டான். பொன்னுலிங்கத்துக்குக் குரல் கொடுத்தேன், மேலே இழுத்துக்கொண்டார்.

இதை எழுதும்போது மனசு லேசாக இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தாங்கல். எட்டு மணிக்கு அங்கே. ஏழெட்டுப் பேர் நின்றால் நிற்கட்டும்.

22 நவம்பர்

ஐந்து மணிக்கு சன்னலைத் திறந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அவன் அசந்து தூங்குவதாக லீலாபாய் வந்து சொன்னாள்.

23 நவம்பர், சனி

காலை ஒன்பதே காலுக்கு அண்ணன் போய்விட்டான்.

24 நவம்பர், ஞாயிறு

லிபின் விடியற்காலை வந்து சேர்ந்தான். பத்து மணிக்கு எடுத்தோம்.

தாங்கலுக்குப் போகவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. நேற்று லீலாபாய் அலறிக்கொண்டு ஓடி வந்து சொன்னதும், செருப்புக்கூடப் போடாமல் இடுக்கு வழியாக ஓடியிருக்கிறேன். ஓடியது நினைவில்லை. அண்ணனின் கட்டிலண்டை நிற்கும்போதுதான் காலைப் பார்த்தேன். சேறு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அய்யாவும் ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமையும் சொல்லியிருக்கமாட்டார்.

மூன்றடி இடுக்கில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாது. தலைப்பக்கம் லிபின் ஒருவன், கால்பக்கம் நான் ஒருவன், ரோடு வரைக்கும் அப்படித்தான் கொண்டுவந்தோம். பாதி வழியில் என் சன்னல் கதவு வெளியே திறந்து நின்றது. லிபின் நின்றுவிட்டான். உள்ளிருந்து லீலாபாய் கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. கூட நின்றவர்களில் யாருக்கும் அது தெரிந்திருக்காது.

எங்கள் முறைப்படி வடக்குப் பார்த்து அடக்கினோம்.

29 நவம்பர்

எழுத ஒன்றும் இல்லை. மூணு நாளுதான என்று சொன்னேன். அவனிடம் மூணு நாள் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

8 டிசம்பர்

பதினாறாம் நாள். முன்னறையில் பந்தி போட்டோம், என் பாகத்தில். பின்பக்கத்தில் இடம் போதாது. மைனி சரி என்று சொல்லிவிட்டாள். லிபின் மட்டும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. நாளை மறுநாள் அவனுக்கு விமானம்.

19 டிசம்பர்

ஐந்து மணிக்கே விழிப்பு வருகிறது. எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். இப்போது எத்தனை மணிக்குத் திறந்தாலும் ஒன்றுதான்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

மைனி லீலாபாயிடம் சொல்லி அனுப்பினாள், அண்ணன் படுத்திருந்த அறைச் சன்னலும் இப்போது முனகுகிறது, நேரம் கிடைத்தால் தம்பியைப் பார்க்கச் சொல்லு என்று. பையை எடுத்துக்கொண்டு போனேன். இடுக்கில் நடக்கும்போது இன்னும் கால் கூசுகிறது.

பெரிதாக ஒன்றுமில்லை, மேல் விஜாகிரி உலர்ந்திருந்தது. அந்தச் சன்னல் உட்பக்கம் திறக்கிறது, உள்ளேயே நின்று செய்துவிடலாம். மேலே எட்டுவதற்குக் கட்டிலில் ஏறி முழங்காலிட்டேன். கிரீஸ் பூசி முடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொள்ள அங்கேயே உட்கார்ந்தேன். அவன் தலை வைத்த இடத்தில்.

அங்கிருந்து பார்த்தால் வானம் தெரியாது, ரோடும் தெரியாது. எதிர்ச்சுவரும் என் சன்னல் கதவின் வெளிப்பக்கமும்தான் தெரிகின்றன. உள்பக்கம் நான் வருடா வருடம் பளபளவென்று பெயின்ட் அடிப்பேன். வெளிப்பக்கம் பாகம் பிரித்த நாளிலிருந்து ஒன்றும் செய்யவில்லை. பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, மரம் கறுத்து, கீழே பூஞ்சை படர்ந்து. கடைசி இரண்டு மாதம் அவன் பார்த்துக்கொண்டு கிடந்தது இதைத்தான்.

மைனி காப்பி கொண்டுவந்தாள். இப்போதெல்லாம் நான்தான் இந்தக் கட்டிலில் படுக்கிறேன், வேறு எங்கே படுத்தாலும் தூக்கம் வருவதில்லை என்றாள்.

காப்பியைக் குடித்துவிட்டு, நாளைக்கு அந்தக் கதவின் வெளிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்றேன். என்ன கலர் வேண்டும் என்று கேட்டேன். உங்களுக்க வீட்டு சன்னல், எனக்கிட்ட கேக்கியளே என்றாள்.

"பாக்கப் போறது நீங்கதான மைனி."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இளநீலம் போதும் என்றாள்.